ரயில் வேகன்களில் பேலட் ஏற்றும் தானியங்கி அமைப்புகள்

சரக்குத் தட்டுகள் எனப்படும் பேலட்டுகளின் மேல் அடுக்கிக் கட்டிய சுமைகளைக் கிடங்கின் மேடையிலிருந்து எடுத்து, ரயில் வேகனுக்குள் உரிய இடத்தில் வைத்து, ஓட்டத்தில் நகராதபடி நிறுத்தி, எந்த வேகனில் எது எவ்வளவு ஏறியது என்ற விவரத்தையும் பதிவுசெய்யும் இயந்திரத் தொகுதியே பேலட் ஏற்றும் தானியங்கி அமைப்பு எனப்படுகிறது. இதில் மனிதர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு இடமே இராது, அல்லது மிகக் குறைந்த இடமே இருக்கும். லாரிகளில் பேலட் ஏற்றும் தானியங்கிகள் பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளில் வழக்கத்தில் இருக்க, ரயில் வேகனுக்கான அமைப்புகள் இன்னும் அரிதாகவே காணப்படுகின்றன. இந்த வேறுபாட்டுக்கு வேகனின் அமைப்பே முதற்காரணம். லாரி பின்புறமாக வந்து கிடங்கின் வாயிலோடு ஒட்டி நிற்கிறது. அதன் உட்புறம் ஒரே நேரான அறை, கதவும் முழு அகலத்துக்குத் திறக்கிறது. வேகனோ மற்ற வேகன்களோடு கோக்கப்பட்டு, பக்கவாட்டில் மட்டுமே அணுகத்தக்கதாய், எங்கே நிற்கும் என்று சென்டிமீட்டர் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாததாய் வந்து சேர்கிறது. ஆகவே இத்துறையில் வடிவமைப்பு என்பது பெரும்பாலும் இந்த நிச்சயமின்மைகளை ஒவ்வொன்றாக அளந்து, குறைக்கக் கூடியதைக் குறைத்து, எஞ்சியதைத் தாங்கிக்கொள்ளும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையாக அமைகிறது.

பேலட்டும் ரயிலும்

பேலட்டின் பயன் முதன்முதலில் பரவலாகப் பேசப்பட்டதே ரயில் வேகனை ஒட்டித்தான். தகர டப்பாக்களில் அடைத்த உணவுப்பொருள் 13,000 பெட்டிகளை ஒரு மூடிய வேகனிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் இறக்க மூன்று நாள் ஆனதாகவும், அதே அளவு சரக்கைத் தட்டுகளின் மேல் ஏற்றி அனுப்பியபோது நான்கு மணி நேரத்தில் இறக்கி முடித்ததாகவும் 1931இல் அமெரிக்க ரயில்வே வணிக இதழ் ஒன்று எழுதியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளின் வழங்கல் பணி ஃபோர்க்லிஃப்டையும் பேலட்டையும் உலகெங்கும் கொண்டு சென்றது. போருக்குப் பின், 1940களின் பிற்பகுதியில், ஸ்வீடனில் அந்நாட்டு ரயில்வேயின் ஈடுபாட்டோடு 800 × 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள பேலட் உருவானது. 1961இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் வழியே பொதுப் பரிமாற்ற ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. சுமையேற்றிய பேலட்டைப் பெறுபவர் அதே தரத்தில் வெற்றுப் பேலட் ஒன்றைத் திருப்பித் தந்தால் போதும் என்பதே அதன் சாரம். இன்று யூரோ பேலட் என்று அறியப்படும் அந்தத் தட்டு 144 மில்லிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 25 கிலோ எடையும் கொண்டது; 1,500 கிலோ வரை சுமை தாங்கத்தக்கது; நான்கு பக்கமும் ஃபோர்க்லிஃப்டின் கவை நுழையும்படி ஒன்பது மரக்கட்டைகளின் மேல் பலகைகள் அறைந்து செய்யப்படுவது. நான்கு பக்கமும் கவை நுழையும் என்ற பண்பு, பின்னர் காணப்போவது போல, வேகனுக்குள் அடுக்கும் முறையையே தீர்மானிக்கிறது.

பேலட்டுக்கு ஏற்ற வேகனைத் தேடும் முயற்சி எல்லா இடத்திலும் எளிதாக முடியவில்லை. பிரிட்டிஷ் ரயில்வே 1950களில் பால்வேன் என்னும் இரண்டு அச்சு மூடிய வேகனைக் கட்டியது. ஃபோர்க்லிஃப்ட் நுழையும்படி ஒரு பக்கத்தில் ஒரு முனையிலும் மறுபக்கத்தில் எதிர்முனையிலும் கதவு வைத்த அவ்வேகன், சுமை சமமாக அமையாதபோது ஓட்டத்தில் தடுமாறுவது என்ற கெட்ட பெயரை வாங்கி விரைவிலேயே ஒதுக்கப்பட்டது. ஜப்பானிய தேசிய ரயில்வே 1960 முதல் கட்டிய வாமு 80000 வகையோ வேறு வழியை எடுத்தது. அதன் பக்கச் சுவர் முழுவதுமே கதவுகளால் ஆனது; எந்தக் கதவை நகர்த்தினாலும் அதன் பின்னுள்ள பேலட்டை வெளியிலிருந்தே கவையால் எட்டலாம். 15 டன் சுமை ஏற்கும் இந்த வேகன்கள் 26,000க்கும் மேல் கட்டப்பட்டன. கடைசி வேகன்கள் காகிதம் ஏற்றியபடி 2012 வரை ஓடின. கதவு என்பது சுவரில் வெட்டிய துளையா, சுவரே கதவா என்ற இந்த ஒரு வேறுபாடு, அறுபதாண்டு கழிந்தும் தானியங்கி அமைப்பின் வடிவமைப்பில் முதற் கேள்வியாக நிற்கிறது.

சறுக்குச்சுவர் வேகனின் வடிவியல்

ஐரோப்பாவில் பேலட் சரக்குக்கு இன்று பெரிதும் பயன்படுவது சறுக்குச்சுவர் வேகன் ஆகும். சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் எழுத்துக்குறி முறைப்படி சிறப்பு மூடிய வேகன் ‘எச்’ என்ற எழுத்தால் குறிக்கப்படும். அதனோடு சேரும் சிறிய எழுத்துகள் சுவர் திறக்கும் விதம், இடையே தடுப்புச்சுவர் உண்டா, அதைப் பூட்ட முடியுமா, எந்த வேகத்துக்கு ஏற்றது போன்றவற்றைச் சொல்லும். இவ்வரிசையில் நான்கு அச்சுகள் கொண்ட ஹபீன்ஸ் வகையின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பெரிய அலுமினியச் சுவர்களால் ஆனது. ஒரு சுவரைச் சற்றே வெளியே இழுத்து மற்றதன் மேல் சறுக்கிவிட்டால் வேகனின் பாதி நீளம் திறந்துகொள்ளும்; இரண்டு பாதியும் ஒரே வேளையில் திறவா. இந்த ஒரு கட்டுப்பாட்டின் விளைவுகளை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது.

இவ்வேகனின் சுமைத்தளம் சுமார் 22 மீட்டர் நீளமும் 2.8 மீட்டரைச் சற்றே தாண்டும் அகலமும் உடையது. அதில் 63 யூரோ பேலட்டுகள் கொள்ளும். பேலட்டுகளை இரண்டே வரிசையாக, ஒவ்வொன்றின் 1.2 மீட்டர் பக்கமும் குறுக்கே வருமாறு வைத்தால் 54 தான் அடங்கும். அகலத்தில் 40 சென்டிமீட்டர் வீணாகும். மாறாக ஒரு வரிசையில் பேலட்டுகளைக் குறுக்காகவும் மற்ற இரு வரிசைகளில் நெடுக்காகவும் வைத்தால் அகலம் 1.2 + 0.8 + 0.8 என 2.8 மீட்டருக்குச் சரியாக வரும். குறுக்கு வரிசையில் 27, நெடுக்கு வரிசைகளில் பதினெட்டும் பதினெட்டும் என மொத்தம் 63 ஆகிறது. இந்த அடுக்கில் 2.4 மீட்டர் நீளத்துக்கு ஒருமுறை மூன்று குறுக்குப் பேலட்டுகளும் நான்கு நெடுக்குப் பேலட்டுகளும் ஒரே கோட்டில் முடிகின்றன. அதாவது ஏழு பேலட் கொண்ட ஒரு கட்டம் ஒன்பது முறை திரும்ப வந்து வேகன் நிறைகிறது. தானியங்கி இயந்திரத்துக்கு இது வசதியானது; ஏழையும் மேடையிலேயே அடுக்கி, ஒரே தள்ளலில் உள்ளே செலுத்தும் இயந்திரத்தை எண்ணிப்பார்க்கலாம். ஆனால் ஒன்பது என்பது ஒற்றைப்படை எண்ணாகையால் ஐந்தாம் கட்டம் வேகனின் மையக் கோட்டின் மேலேயே அமர்கிறது. பாதி மட்டும் திறக்கும் சுவரின் வழியே அந்தக் கட்டத்தை முழுதாக நேரே தள்ள இயலாது. அதன் பேலட்டுகளைத் தனித்தனியாக உள்ளே வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தவோ, நடுவில் அடுக்கை மாற்றிச் சில பேலட்டுகளைக் கைவிடவோ நேர்கிறது. முழுச் சுவரும் ஒருங்கே திறக்கும் வேகன் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது என்பதையும், அத்தகைய வேகனின் கூரை தன் வலிமைக்காகக் கூடுதல் எஃகைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதையும் வடிவமைப்பவர் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இடைவெளிக் கணக்கு இன்னும் நெருக்கமானது. 27 பேலட்டுகள் 21.6 மீட்டரை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். ஒரு பேலட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பங்கு வருகிறது. சுமையைச் சுற்றிக் கட்டிய சுருக்குப் படலம் தளர்ந்து அட்டைப்பெட்டிகள் அவ்வளவு புடைத்தாலே மிச்சம் முழுவதும் தீர்ந்துவிடும். தடுப்புச்சுவர்கள் உள்ள வேகனில் அச்சுவர்களின் தடிமனும் இதிலிருந்தே கழியும். அனுபவமுள்ள ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் முன்னுள்ள பேலட்டை மெல்ல முட்டி நெருக்கி இடம் உண்டாக்குவார். அந்தச் செயலை இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டுமானால் கவையில் விசை அளக்கும் உணரியும், எவ்வளவு தள்ளினால் சரக்கு நசுங்கும் என்ற எல்லையும் வேண்டும். இந்த ஒன்றரை சென்டிமீட்டரை மதிக்காமல் முழு 63ஐயும் கணக்கில் எழுதிக்கொண்ட திட்டம் நடைமுறையில் தடுமாறும். ஒரு கட்டத்தைக் குறைத்து வாக்களிப்பதே விவேகம்.

கதவுத்துளை மட்டும் உள்ள வேகனில் வடிவியல் முற்றிலும் வேறு. வட அமெரிக்கப் பாக்ஸ்கார் நடுவில் பத்தடி அகலமுள்ள கதவோடு நிற்கும்; ஃபோர்க்லிஃப்ட் அதன் வழியே உள்ளே நுழைந்து, திரும்பி, இரு முனைகளையும் முதலில் நிரப்பிவிட்டு வாயிலை நோக்கிப் பின்வாங்க வேண்டும். வெளியிலிருந்து எட்டும் கவை இங்கே பயன்படாது. உள்ளே செல்லும் குறுகிய தானியங்கி வண்டி ஒன்றே வழி. அந்த வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடத்தை வேகனின் அகலமே தீர்மானிப்பதால், பேலட்டின் அளவுக்கும் வண்டியின் நீளத்துக்கும் இடையே கடுமையான போட்டி ஏற்படுகிறது.

இயந்திர வகைகள்

நடைமுறையிலும் வரைபடங்களிலும் காணப்படும் தீர்வுகள் நான்கு வழிகளில் செல்கின்றன. முதலாவது ஓட்டுநரில்லா ஃபோர்க்லிஃப்ட். லேசர் கதிரால் சுற்றுப்புறத்தை வருடித் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும் இவ்வண்டிகள் கிடங்குகளில் ஏற்கனவே பழகியவை. மேடையை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை என்பதும், ஒரு வண்டி பழுதுபட்டால் மற்றவை தொடரும் என்பதும், மனிதர் ஓட்டும் வண்டியே அவசரத்துக்கு அதே இடத்தில் வேலை செய்யலாம் என்பதும் இவற்றின் பெரிய நன்மைகள். ஒரு நடைக்கு ஆகும் நேரம் மனித ஓட்டுநரைவிடக் கூடுதல் என்பது குறை.

இரண்டாவது, மேடை ஓரமாகத் தண்டவாளத்தில் வேகனுக்கு இணையாக ஓடும் ஏற்றுவண்டி. கிடங்கின் கன்வேயர் அதனிடம் பேலட்டுகளை ஒப்படைக்கும். அது உரிய வேகனின் முன் நின்று, நீளும் கவைகளால் பேலட்டுகளையோ மேலே சொன்ன ஏழு பேலட் கட்டத்தையோ உள்ளே வைக்கும். வேகமும் ஒழுங்கும் மிக்க இந்த அமைப்பு பெருந்தொகையை ஒரே பாதையில் முடக்கி வைக்கிறது. அந்தப் பாதையில் வேறு வகை வேகன் வந்தால் இயந்திரம் கைகட்டி நிற்க நேரும்.

மூன்றாவது வழியில் வேகனின் தளமே நகரும். விமானத்தின் சரக்கறையில் உருளைகளும் உந்து சக்கரங்களும் இருப்பதுபோல வேகனின் தரையில் சங்கிலியோ உருளையோ பதித்து, முனையிலிருந்தோ பக்கத்திலிருந்தோ பேலட் வரிசையைத் தரையே உள்ளிழுக்கும்படி செய்யலாம். லாரி உலகில் ஒரு தொழிற்சாலைக்கும் அதன் கிடங்குக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகளில் இம்முறை வெற்றிகரமாக நடக்கிறது. ரயிலில் இது தனக்கென ஒதுக்கிய வேகன் தொகுதிக்கு மட்டுமே பொருந்தும். நாடெங்கும் சுற்றும் பொது வேகனில் அழுக்கும் மழையும் அதிர்ச்சியும் அந்தப் பொறிகளை விரைவில் கெடுத்துவிடும். பொறிகளின் எடை ஒவ்வொரு பயணத்திலும் சரக்கின் எடையைத் தின்னும் என்பதும் நினைக்கத்தக்கது.

நான்காவது வழி பிரச்சினையைச் சுற்றிப்போவது. பேலட்டுகளை வேகனில் ஏற்றாமல் கன்டெய்னரிலோ கழற்றி மாட்டும் சரக்குப்பெட்டியிலோ முனைக்கதவு வழியே ஏற்றிவிட்டு, அந்தப் பெட்டியைக் கிரேனால் வேகனின் மேல் வைப்பதே இம்முறை. ஜப்பானிய ரயில் சரக்குத் துறை இன்று பெரிதும் சார்ந்திருக்கும் 12 அடிக் கன்டெய்னர், 1,100 மில்லிமீட்டர் சதுரமான அந்நாட்டுப் பேலட் ஆறினைக் கொள்ளும் அளவுடையது. அதன் பக்கச் சுவரும் திறக்கும். வேகனின் நிச்சயமின்மைகள் பெரும்பாலானவை இம்முறையில் மறைந்துவிடுவதால், புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைக்கு இதுவே சிறந்த விடையாக இருப்பது உண்டு. தானியங்கி வேகன் ஏற்றம் பற்றிய எந்த ஆய்வும் இந்த மாற்றை முதலில் ஒதுக்கித் தள்ளிக் காட்டிய பிறகே மேலே செல்வது நேர்மை.

இடமறிதலும் அளவீடும்

எஞ்சின் வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும்போது, வேகன்களைப் பிணைக்கும் கோப்புகளின் தளர்ச்சியும் தாங்கிகளின் அழுத்தமும் சேர்ந்து, முதல் வேகன் துல்லியமாக நின்றாலும் இருபதாம் வேகன் எங்கோ நிற்கும். ஆகவே இயந்திரத்துக்கு ஏற்ப வேகனை நிறுத்த முயல்வதைவிட, வேகன் நின்ற இடத்தை அளந்து இயந்திரத்தின் ஆயத்தொலைவுகளை மாற்றுவதே பொதுவான வழக்கு. மேடை ஓரமாக ஓடும் லேசர் வருடி ஒவ்வொரு வேகனின் திறப்பு விளிம்புகளையும், தளத்தின் உயரத்தையும், வேகன் மேடைக்கு இணையாக நிற்கிறதா சற்றே சாய்ந்திருக்கிறதா என்பதையும் முப்பரிமாணப் புள்ளித்திரளாகப் பதிவுசெய்யும். வேகனின் பக்கத்தில் எழுதிய 12 இலக்க எண்ணைக் கேமரா படிக்கும். அதன் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கமாகையால், அழுக்குப் படிந்து தவறாகப் படித்த எண்ணைக் கணினி பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும்.

ஒருமுறை அளந்தால் போதாது. வேகன் வில்களின் மேல் நிற்கிறது. டன் கணக்கில் சுமை ஏற ஏற அதன் தளம் சில சென்டிமீட்டர் தாழும். ஒரு பாதியை மட்டும் நிரப்பும்போது ஒரு முனை தாழ்ந்து மறுமுனை அவ்வளவு தாழாமல் நிற்கும். பக்கவாட்டில் தூர வரிசையை முதலில் வைக்கும்போது வேகன் அந்தப் பக்கம் மெல்லச் சாயும். காலையில் அளந்த உயரத்தை நம்பிக் கவையை நீட்டினால், கடைசிப் பேலட்டின் அடிப்பலகை தளத்தில் படாமல் அந்தரத்தில் விடப்பட்டுத் தொப்பென விழவோ, அடுத்த வேகனில் தளத்தின் விளிம்பை இடிக்கவோ கூடும். எனவே ஒவ்வொரு வைப்புக்கும் முன் கவையின் முனையிலுள்ள உணரி தளத்தின் உயரத்தை மீண்டும் பார்க்கும்படி வடிவமைப்பது வழக்கம்.

உள்ளே செல்லும் பேலட்டும் ஐயத்துக்கு உரியதே. உடைந்த அடிப்பலகை, வெளியே தலைநீட்டும் ஆணி, தொங்கும் படலத்தின் நுனி, சாய்ந்த அடுக்கு ஆகிய எதுவும் வேகனுக்குள் சிக்கினால் அதை எடுக்க ஆள்தான் ஏறிச் செல்ல வேண்டும். ஆகையால் கன்வேயரின் தொடக்கத்திலேயே ஒளித்திரைகள் பொருத்திய சோதனை வாயிலும் எடை மேடையும் அமைத்து, தகுதியற்ற பேலட்டை அங்கேயே ஒதுக்குவது ஏற்றும் இயந்திரத்தின் கூர்மையைவிட அதிகப் பலன் தருகிறது.

திறன் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. வேகனுக்கு 60 பேலட் வீதம் 20 வேகன் கொண்ட ரயிலை நான்கு மணி நேரத்தில் நிரப்ப வேண்டுமானால் 1,200 பேலட்டுகள், மணிக்கு 300, அதாவது 12 விநாடிக்கு ஒன்று ஏற வேண்டும். இரண்டு பேலட்டை ஒருங்கே எடுக்கும் ஓட்டுநரில்லா ஃபோர்க்லிஃப்ட் ஒரு நடைக்கு இரண்டு நிமிடம் எடுத்தால் மணிக்கு 60 பேலட் வைக்கும். ஐந்து வண்டி போதும் என்று காகிதம் சொல்லும். மின்கலம் ஏற்றும் நேரம், சுவர் திறந்து மூடும் நேரம், ஒன்றுக்கொன்று வழிவிடும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏழோ எட்டோ தேவைப்படும். ஏழு பேலட் கட்டத்தை மூன்று நிமிடத்தில் தள்ளும் ஏற்றுவண்டி மணிக்கு 140 பேலட் தரும். இரண்டு இருந்தும் இலக்குக்குச் சற்றுக் குறைவாகவே வரும். இங்கே பலரும் மறப்பது, ரயில் வருமுன் அந்த 1,200 பேலட்டும் எங்கே காத்திருக்கும் என்பதை. இடைவெளியே விடாமல் தரையில் பரப்பினாலும் அவை 1,152 சதுர மீட்டர் பிடிக்கும். வேகனில் கடைசியாக ஏற வேண்டியது முன்னே நின்றுவிட்டால் அத்தனையும் தடைப்படும். லாரி நாள் முழுதும் ஒவ்வொன்றாக வருகிறது. ரயில் ஒரே வேளையில் மொத்தமாக வந்து மொத்தமாகப் போகிறது. தானியங்கி உயரடுக்குக் கிடங்கிலிருந்து வேகனின் வரிசைப்படியே பேலட்டுகளை வரவழைக்க முடிந்த இடத்தில்தான் ஏற்றும் பகுதியைத் தானியங்கியாக்குவது பொருள் உடையதாகிறது.

எடைப்பகிர்வும் சுமையை நிறுத்துதலும்

ஐரோப்பிய முதன்மை வழித்தடங்களில் ஓர் அச்சுக்கு 22.5 டன் என்பது வழக்கமான வரம்பு. நான்கு அச்சு வேகனின் மொத்த எடை 90 டன்னைத் தாண்டலாகாது என்பதால், வேகனின் சொந்த எடை போக ஏறத்தாழ 60 டன் சரக்கே ஏற்றலாம். 63 பேலட்டுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பானப் புட்டிகள் போன்ற கனமான சரக்கு இந்த வரம்பை இடம் நிறையும் முன்பே தொட்டுவிடக்கூடும். மென்தாள் சுருள் போன்ற இலேசான சரக்கு இடத்தை நிறைத்தும் எடையில் பாதியைக்கூட எட்டாது. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் சுமையேற்ற விதிகள் அச்சுகளைத் தாங்கும் சக்கரத் தொகுதிகளான போகிகளில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே எடை விகிதம் 3:1ஐயும், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.25:1ஐயும் மீறக் கூடாது என்கின்றன. பல வகை எடையுள்ள பேலட்டுகள் கலந்து வரும்போது, எது எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை எடை மேடையின் தரவைக் கொண்டு கணினி முன்கூட்டியே முடிவு செய்கிறது. மனித உழைப்பில் மதிப்பீடாக நடந்த ஒன்று இங்கே கணக்காக நடக்கிறது. தானியங்கி முறையின் ஐயமற்ற மேன்மை இதுவே.

ஓட்டத்தின்போது எழும் விசைகளில் நெடுக்கு விசையே கொடியது. வேகன்களைப் பிரித்து அனுப்பும் பிரிப்பு மேட்டிலிருந்து உருட்டிவிடப்பட்டு வேறு வேகனோடு மோதும் தனி வேகனில், நெடுக்கே நகர இடமுள்ள சரக்குக்குப் புவியீர்ப்பின் ஒரு மடங்கு முடுக்கத்தையும், அசையாதபடி இறுகக் கட்டிய சரக்குக்கு நான்கு மடங்கு வரையும் விதிகள் கணக்கில் கொள்ளச் சொல்கின்றன. பக்கவாட்டில் அரை மடங்கு. மரத்தளத்தின் மேல் மரப் பேலட்டின் உராய்வு மட்டும் இதைத் தாங்காது. வழுக்காப் பாய் விரிப்பது, பேலட்டுகளுக்கு இடையே காற்றுப்பை செருகி ஊதுவது, வேகனிலுள்ள தடுப்புச்சுவர்களை அடுக்குக்கு நெருக்கமாக நகர்த்திப் பூட்டுவது ஆகியவை வழக்கமான காப்புகள். இவற்றில் தடுப்புச்சுவரைப் பூட்டுவதே தானியங்கிக்கு மிகவும் முரண்டு பிடிக்கும் வேலை. அதன் பூட்டு மனிதக் கைக்கென வடிவமைக்கப்பட்டது. வேகனுக்கு வேகன் தேய்மானம் வேறுபடும். சில வேளை காலால் உதைத்தால்தான் விழும். தொழிற்சாலையிலிருந்து ஒரே இடத்துக்கு முழு ரயிலாகச் சென்று, இடையில் பிரிப்பு மேட்டைத் தொடாமல் திரும்பும் சேவையில் நெடுக்கு விசை குறைவாகையால் காப்புகளையும் எளிமையாக்கலாம்.

பாதுகாப்பு

ஓட்டுநரில்லாத் தொழிலக வண்டிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 3691-4 என்னும் பன்னாட்டுத் தரம் உண்டு. வண்டியின் பாதையில் ஆள் தென்பட்டால் லேசர் வருடி வண்டியை நிறுத்த வேண்டும் என்பதும், வண்டிக்கும் சுவருக்கும் இடையே ஆள் நசுங்காத இடைவெளி வேண்டும் என்பதும் அதன் அடிப்படைக் கோரிக்கைகள். வேகனுக்குள் அத்தகைய இடைவெளி தர வழியே இல்லை. ஆகவே மேடையின் ஏற்றும் பகுதி முழுவதையும் வேலியிட்டு, உள்ளே ஆள் நுழைந்தால் இயந்திரம் நிற்கும்படி செய்வதே நடைமுறை. இதோடு ரயிலுக்கே உரிய ஆபத்தும் சேர்கிறது. கவை வேகனுக்குள் நீண்டிருக்கும்போது வேகன் ஓரடி நகர்ந்தாலும் கவை வளையும், அல்லது வேகன் கிழியும். எனவே ஏற்றும் தடத்தின் நுழைவில் தடம்புரட்டிக் கருவியும் சிவப்பு விளக்கும் வைத்து, எல்லாக் கவைகளும் உள்ளிழுத்து மூடியதாக ஏற்றும் அமைப்பு உறுதி சொன்ன பிறகே எஞ்சின் நெருங்க முடியும்படி இரண்டையும் ஒன்றோடொன்று பூட்ட வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் தடத்தில் ஏற்று வேலை கூடாது என்பதால், வேகன்களைக் கடைசித் தொலைவுக்கு டீசல் எஞ்சினோ வடக்கயிற்று இழுவையோ கொண்டுவரும். சுவரை மூடுமுன் உள்ளே எவரும் இல்லை என்று சரிபார்க்கும் கட்டளையும் அமைப்பில் இருந்தாக வேண்டும். படலத்தின் நுனியை வெட்டப் போனவர் பேலட்டுகளின் மறைவில் நின்றால் கேமராவுக்குத் தெரியாமலும் போகலாம்.

மனிதரும் இயந்திரமும்

சுவரைத் திறப்பது, தடுப்புச்சுவரைப் பூட்டுவது, பழுதான பேலட்டைச் சீர்செய்வது ஆகிய மூன்றையும் மனிதரிடம் விட்டு, எடுத்துச் சென்று வைக்கும் வேலையை மட்டும் இயந்திரத்துக்குத் தரும் பகுதித் தானியங்கி முறையே இன்றைய வேகன்களுக்குப் பொருத்தமானது. முழுத் தானியங்கியாக்கத்துக்கு வேகன் தன் சுவரைத் தானே திறக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். இன்றைய சரக்கு வேகனில் மின்சாரம் இல்லை. ஐரோப்பாவில் முன்னெடுக்கப்படும் எண்முறைத் தானியங்கிக் கோப்பு, வேகன்களை இணைப்பதோடு ரயில் நெடுக மின்சாரத்தையும் தரவையும் கொண்டுசெல்லும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. அது பரவினால் சுவர் இயக்கியும் பூட்டு உணரியும் வேகனிலேயே அமைய வழி பிறக்கும்.

இந்தியச் சூழல்

இந்திய ரயில்வேயின் மூடிய சரக்கு வேகன்களில் பெரும்பாலும் ஏறுவது 50 கிலோ மூட்டை. கூட்ஸ் ஷெட் மேடையில் லாரியிலிருந்து தலைச்சுமையாகவே அது வேகனுக்குள் போகிறது. இவ்வகையில் புதிதான பி.சி.என்.எச்.எல். வேகன் 22.9 டன் அச்சுச் சுமைக்கென அமைந்தது. 58 வேகன் ஒரு ரேக்காக ஓடுகிறது. நெல், அரிசி, உரம், சிமென்ட் ஆகியவற்றுக்கு இது திறமையான வேகன். ஏறத்தாழ 11 மீட்டர் நீளத்துக்குள் 70 டன்னை அடக்குகிறது. ஆனால் அதன் பக்கச் சுவர் திறவாது, கதவு மட்டுமே திறக்கும் என்பதால் பேலட்டை வெளியிலிருந்து எட்டும் எந்த இயந்திரமும் அதற்குப் பொருந்தாது. பேலட் அடியில் பிடிக்கும் உயரமும் எடையும் மூட்டைச் சரக்கின் கட்டணக் கணக்கில் இழப்பாகவே தெரியும். குறித்த நேரத்துக்குள் ரேக்கை நிரப்பாவிட்டால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் சரக்கு அனுப்புவோர் ஆள்பலத்தைக் கூட்டுகிறார்களே தவிர, ஏற்றும் முறையை மாற்றுவதில்லை. இங்கு பேலட்டில் அடுக்கிய நுகர்பொருள்கள் ரயிலேறுவது பெரும்பாலும் கன்டெய்னருக்குள்தான். மேலே சொன்ன நான்காம் வழி, எவரும் திட்டமிடாமலே, இந்நாட்டில் நடைமுறையாகிவிட்டது.

இதை மாற்ற விரும்பும் திட்டம் ரோபோவிலிருந்து தொடங்கினால் பணம்தான் வீணாகும். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே கிடங்குக்குத் தினமும் ஓடும் ஒரு ரேக், அதற்கெனச் சுவர் திறக்கும் வேகன்கள், நாடு முழுதும் ஏற்ற ஒரே பேலட் அளவு ஆகிய மூன்றும் முதலில் அமைய வேண்டும். இம்மூன்றும் அமைந்த இடத்தில் சாதாரண ஃபோர்க்லிஃப்டே ஏற்றும் நேரத்தைப் பெரிதும் குறைத்துவிடும். ஓட்டுநரில்லா வண்டி அதற்கு அடுத்த செலவு.